வாசலில் புதைத்த கோவா

மே மாதம் இருபத்தொன்பதாம் திகதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. கச்சான் காற்று மூன்று நாளாக விடாமல் வீசி, வாவிக்கரை ஊரைச் சோளப்பொரிச் சட்டியாக்கி வைத்திருந்தது. விறாந்தைச் சுவரில் நான் மாட்டியிருந்த வெப்பமானி முப்பத்தாறு காட்டியது. அந்த நிமிடத்தில்தான், எங்கள் வளவு வாசலில், நான் என் கையால் முட்டைக்கோவாவில் போட்ட கொரிய ஊறுகாய், கிம்ச்சி, வெடித்தது.

இது நடந்து மூன்று வருடமாகிறது. அப்போது எனக்கு வயது எழுபத்தொன்றுதான். (அனுபவம் போதாத வயது.)

முப்பத்தைந்து வருடம் ஒரு நெற்களஞ்சியத்தில் பொறுப்பாளராக இருந்தவன் நான். எண்ணுவதுதான் தொழில். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு மூட்டை இல்லாமல் போனதால் வீட்டை எண்ணத் தொடங்கினேன். தென்னையில் எத்தனை குரும்பை, மருமகன் ஒரு நாளில் எத்தனை தடவை மின்விசிறியை நிறுத்த மறக்கிறான், மனைவி பூரணம் எத்தனை தடவை பெருமூச்சு விடுகிறாள் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் கணக்கிருந்தது. கடைசிக் கணக்குக்குக் காரணம் நானே என்பது மட்டும் அதில் பதிவாகவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பழுகாமத்தில் பிறந்த நான் கல்யாணம் முடித்து வந்து குடியேறியது பூரணத்தின் வீட்டில். எங்கள் ஒரே மகள் சுமதிக்குக் கல்யாணமானதும் அந்த வீடு அவளுக்குப் போனது. நாங்கள் இருவரும் அதே வளவின் பின்பக்கத்தில் கட்டிய சின்ன வீட்டுக்கு மாறினோம். நாற்பத்துமூன்று வருடத் தாம்பத்தியத்தில் நான் இருந்த வீடுகள் இரண்டு. எனக்குச் சொந்தமானவை பூச்சியம்.

பூரணத்துக்கும் சுமதிக்கும் கொரிய நாடகப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. (குறித்து வைக்காமல் விட்ட ஒரே திகதி அது.) தமிழில் குரல் மாற்றிய நாடகம் ஒன்று முடிந்தால் இன்னொன்று. பார்ப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சனிக்கிழமைகளில் முன்வீட்டுக் குசினியில் பார்த்ததை எல்லாம் ஆக்கத் தொடங்கினார்கள். இடியப்ப மாவை விரல் விரலாக உருட்டி அவித்து, கொச்சிக்காய்க் குழம்பில் போட்டு, தொக்பொக்கி என்றார்கள். இறால் கறிக்குள் நூடில்ஸ் போட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்துவிட்டு, ராமியோன் என்றார்கள். மருமகன் இரண்டு கோப்பை சாப்பிட்டுவிட்டு மூன்றாவதுக்குக் கோப்பையை நீட்டுவான். நான் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, வீணான இறாலை எண்ணிக்கொண்டிருப்பேன்.

வினை வந்தது மே ஏழாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில். மருமகனின் தாய் தகப்பன் விருந்துக்கு வந்திருந்தார்கள். பேச்சுக்குப் பேச்சாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று நான் வாயைத் திறந்தேன்.

“சம்பந்தி, ஒரு கணக்குச் சொல்றன் கேளுங்க. ஜனவரிக்குப் புறகு இவ முந்நூற்றிப் பன்னெண்டு பகுதி பார்த்திரிக்கா. ஒரு பகுதி நாப்பது நிமிசம். ஆக, இருநூற்றியெட்டு மணித்தியாலம்! அவ்வளவு நேரம் வயலில நிண்டிருந்தா ரெண்டு ஏக்கர் களை புடுங்கியிருக்கலாம்.”

சம்பந்தி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார். பூரணம் கரண்டியைச் சோற்றுச் சட்டிக்குள் வைத்தாள்.

“ஓம், பார்த்தன். அதுல ஒரு கிழவன் இரிக்கான். பொண்டாட்டிக்கு ஏலாதெண்டு தானே கோவா ஊறப்போட்டு, தானே எடுத்து அவட வாயில வைக்கான். அத நான் திருப்பித் திருப்பிப் பார்த்தன். இஞ்ச எண்ணுறதுக்கு ஆள் இரிக்கி. ஒரு வாய் ஆக்கித் தாறதுக்கு ஆள் இல்ல.”

அன்று பின்னேரமே தலையணையை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போய்விட்டாள். என்னோடு பேச்சு நின்றது. என் காதுக்கு எட்டும் தூரத்தில் நின்று, “சுமதி, அந்தாளுக்குச் சோறு போடு” என்பாள். நாற்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு நான் ‘அந்தாள்’ ஆகியிருந்தேன். இரவில் பின்வீட்டில் தனியே படுத்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவள் திரும்பி வராவிட்டால், நான் அந்த வளவில் யார்? வாடகை கொடுக்காத ஒரு பழுகாமத்தான்.

இரண்டு கிழமை பொறுத்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அது நாலு சொல்தான். ஆனால் நாலு சொல்லை விட மூன்று கோவா எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. நானும் கிம்ச்சி செய்து அவள் வாயில் வைப்பது என்று முடிவெடுத்தேன்.

தாயும் மகளும் சேலை எடுக்கப் பட்டணம் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கிழவன் வரும் பகுதியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, கொப்பியில் குறிப்பெடுத்தேன். நாடகத்துக் கோவா நீட்டு, நம்முடையது உருண்டை. உருவம் மாறினால் ருசி மாறாது என்று தீர்மானித்தேன். மூன்று கோவாவையும் பிளந்து, எண்பத்தாறு இலைக்கும் தனித்தனியே உப்புப் பூசி, இரண்டரை மணித்தியாலம் வைத்தேன். அரிசிமாக் கூழ் காய்ச்சி, உள்ளி, இஞ்சி, கொச்சிக்காய்த்தூள் எல்லாம் குழைத்தேன். அவர்கள் ஊற்றும் மீன் தண்ணீர் நம்மிடம் இல்லை என்பதால், கால் கிலோ கூனியை இடித்துப் போட்டேன். (கருவாட்டு இறாலில் மிகச் சின்னது, மணத்தில் மிகப் பெரியது.) நாடகத்தில் கையுறை போட்டுக்கொண்டுதான் பூசினார்கள். அதை நான் அலங்காரம் என்று நினைத்துவிட்டேன். இரண்டு கையும் முழங்கைவரை எரிந்தன. கண்ணைத் துடைத்தேன், கண்ணும் எரிந்தது. அதற்குப் பிறகு துடைத்த இடங்களை இங்கே எழுத முடியாது.

அடுத்தது கணக்கு. நாடகத்தில் கிம்ச்சியை மூன்று மாதம் ஊறவைத்தார்கள். என்னிடம் இருந்தது பதினைந்து நாள். ஏனென்றால் எங்கள் ஊரில் வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கும். வருடத்தில் ஒருமுறைதான். கதவு திறந்ததிலிருந்து குளிர்த்திச் சடங்கு முடியும்வரை எந்த வீட்டிலும் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, கருவாடு ஒன்றும் படலை தாண்டி வராது. சடங்கு முடிந்த மறுநாள் ஊரே மச்சம் சமைக்கும். அன்றைக்கு அவள் கோப்பையில் என் கிம்ச்சி இருக்கவேண்டும். தொண்ணூறு நாள் வேலையைப் பதினைந்து நாளில் முடிக்க ஆறு மடங்கு வேகம் வேண்டும். ஆகவே சீனியை ஆறு மடங்காக்கினேன். புளிக்கும் வேலைக்கு உதவியாக இரண்டு கோப்பை பழஞ்சோற்றுத் தண்ணீரும் ஊற்றினேன். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். விடை சரி. கேள்விதான் பிழை.

எல்லாம் அடைத்த சாடியை எங்கே வைப்பது? கதவு திறந்தபின் கூனி வீட்டுக்குள் இருந்தால் குற்றம். நாடகத்திலோ சாடியை மண்ணில் புதைத்தார்கள். களஞ்சியப் பொறுப்பாளனுடைய மூளை வேலை செய்தது: மண்ணுக்குள் இருப்பது வீட்டுக்குள் இருப்பதாகாது. அம்மனுக்கும் பிழையில்லை, கிம்ச்சிக்கும் பிழையில்லை. காற்றுப் புகக்கூடாது என்று குறிப்பில் இருந்ததால் மூடியைச் சுற்றிச் சீமெந்து பூசினேன். வளவில் மண் இளகிய இடம் வாசல் ஓரம்தான். மதில் நிழல் விழும் இடமாகப் பார்த்துப் புதைத்து, மேலே நாலு அங்குலம் மண் போட்டேன். நிழலை அளந்தது பின்னேரம் மூன்று மணிக்கு. காலை வெயில் அங்கே நேராக விழும் என்பதை யோசிக்கவில்லை.

புதைத்து எட்டாம் நாள் அம்மன் ஊர்வலம் வந்தது.

ஊர்வலம் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். வாசலில் நிறைகுடம் வைத்து, விளக்கேற்றிக் காத்திருப்பார்கள். பூரணத்தின் தாய்வழியில் அந்த வாசலில் அம்மன் நிற்காமல் போன வருடம் இல்லை என்று அவள் சொல்வாள். (யுத்தம் நடந்த வருடங்களிலும் நாலு பேர் சேர்ந்து வந்து நின்றுவிட்டுத்தான் போனார்களாம்.) அன்றைக்குப் புதுச் சேலை உடுத்து, கர்ப்பூரத் தட்டோடு நின்றாள். அவளுக்கும் எனக்கும் இடையில் ஆறடி. நிறைகுடத்துக்கும் என் சாடிக்கும் இடையில் மூன்றடி. ஊர்வலத்தின் முன்னால் வந்தவர் அவளுடைய மூத்த தமையன் கணபதிப்போடி, கோயில் நிருவாகத்துக்குத் தலைவரான வண்ணக்கர். பறை முழங்கியது. கர்ப்பூரம் கொளுத்த அவள் குனிந்தாள்.

‘டம்’ என்றது.

சின்னச் சத்தமல்ல. சீமெந்தும் சீனியும் கச்சான் காற்றும் சேர்ந்த சத்தம். மண் மேலே எழும்பியது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் என்ன செய்வதென்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். ஒரு கண்ணிமைப்புக்குள் ஊர்வலம் முழுவதும் நிலத்தில் கிடந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன்: படுத்தவர்கள் முப்பத்தொரு பேர். பதினாலு பேர் நின்றபடி விழித்துக்கொண்டிருந்தார்கள். பதினாலு பேரும் இருபது வயதுக்குக் குறைந்தவர்கள். அவர்களுக்குப் படுக்கத் தெரியவில்லை, கொடுத்துவைத்தவர்கள்.

நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன். தைரியத்தால் அல்ல. அது கோவா என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது யாரோ என் தோளைப் பிடித்து இழுத்து மண்ணில் விழுத்தினார்கள். பூரணம். என் தலையைத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டு காதுக்குள் சொன்னாள்:

“ஆடாதங்க. தலையத் தூக்காதங்க.”

இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தைகள். அவள் கை என் கழுத்தை வளைத்துக் கிடந்தது. ‘ஒன்றுமில்லை, கோவா’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். முப்பது பேர் மண்ணில் முகம் புதைத்துக் கிடக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கிழவி அம்மனைக் கூப்பிட்டு அழுகிறாள். நான் சொல்லவில்லை. நாற்பது செக்கன் சொல்லவில்லை. எண்ணினேன்.

கணபதிப்போடிதான் முதலில் தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சினார்.

“என்னகா இது, கூனி மணக்குது?”

ஒவ்வொருவராக எழும்பினார்கள். மதிலில், விளக்கில், நிறைகுடத்துத் தேங்காயில், பூரணத்தின் புதுச் சேலையில் எல்லாம் சிவப்பாகக் கோவா தொங்கியது. கணபதிப்போடி தன் தோளில் கிடந்த இலையை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார்.

“மச்சான், உங்கட பழுகாமத்தில கோவா இப்படித்தான் விளையிறதா?”

சிலர் சிரித்தார்கள். பறையடித்தவர் சிரிக்கவில்லை, பறைக்கு மேலேயே விழுந்து தோலைக் கிழித்திருந்தார். பூரணமும் சிரிக்கவில்லை.

“இது என்னண்டு உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம்.”

“எப்ப தெரியும்?”

“சத்தம் கேட்டவுடன.”

“மறுகா ஏன் சொல்லல்ல?”

பதில் என்னிடம் இருந்தது. ஊர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. கணபதிப்போடி நிறைகுடத்தைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார்.

“மச்சம் பட்ட வாசல், தங்கச்சி. நிக்க ஏலா. குறை நினைக்காத.”

கிழிந்த பறையோடு ஊர்வலம் நகர்ந்தது. அணைந்த கர்ப்பூரத் தட்டோடு பூரணம் கடைசி ஆள் முடக்கால் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். என் வாழ்க்கையில் நான் எண்ண மறந்த நிமிடங்கள் அவை.

மதியம் பொலிஸ் வந்தது. வாசலில் எதையோ புதைத்து அது வெடித்தது என்று யாரோ அறிவித்திருந்தார்கள். அது உண்மைதானே. வந்தவர்களில் பெரியவர் குழியைக் குனிந்து மணந்து பார்த்துவிட்டு, சீனி எவ்வளவு போட்டேன் என்று கேட்டார். சொன்னேன். தன் வீட்டிலும் இந்த நாடகம்தான் ஓடுகிறது என்று சொல்லி, கொப்பியை எழுதாமலே மூடிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை ‘அந்தாள்’ என்ற சொல்லும் கேட்கவில்லை. சடங்கு முடிந்த மறுநாள், ஊரெல்லாம் மீன் பொரிக்கும் நேரத்தில், பூரணம் பின்வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அண்டைக்குக் கேட்டதுக்கு இன்னும் பதில் இல்ல.”

“உன்ட கை என்ட கழுத்தில இருந்திச்சு,” என்றேன். “சொன்னா எடுத்திருவாயெண்டு…”

பூரணம் படியில் உட்கார்ந்தாள்.

“அதுக்கா ஊரையே மண்ணில படுக்க வச்சீங்க? கையப் புடிக்கணுமெண்டா கேட்டிருக்கலாம். குண்டு வைக்கத் தேவல்ல.”

அன்று பின்னேரம் தலையணை திரும்பி வந்தது. “உங்களுக்காக வரல்ல. தனிய விட்டா ஊரை அழிச்சிப்போடுவீங்க” என்ற விளக்கமும் கூடவே வந்தது. அம்மன் நிற்காமல் போனதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் மன்னிப்பை எதிர்பார்க்கவுமில்லை. முன்வீட்டில் சுமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மருமகன் அவளோடு கோபித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தால், “கையப் புடிக்கணுமெண்டா கேளுங்க, கோவா புதைக்காதீங்க” என்கிறாள். சம்பந்தி வீட்டிலும் இது பரவிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என்னைத் தெரியாத ஒருவர் இதை எனக்கே சொல்லிச் சிரித்தார்.

இப்போது வருடா வருடம் ஊர்வல நாளன்று விடியற்காலையில் பூரணம் ஒரு சோற்றுப் பார்சலைக் கட்டிக் கையில் தந்து என்னைப் பழுகாமத்துக்கு பஸ் ஏற்றிவிடுகிறாள். வாசலுக்கு வந்ததும் கணபதிப்போடி ஊர்வலத்தை நிறுத்தி, “மச்சான் எங்க?” என்று சத்தமாகக் கேட்பாராம். “பழுகாமத்தில” என்பாளாம். “அப்ப நிக்கலாம்” என்றதும் பறை முழங்குமாம். அம்மன் நிற்கிறாள். நான் அங்கே ஒரு மரத்தடியில் பார்சலை அவிழ்த்துக்கொண்டு, அப்போது மணி பத்து நாற்பத்திரண்டாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பறைத்தோல், அழுத கிழவியின் உடைந்த மூக்குக்கண்ணாடி, வாசல் சுத்திக்கு அம்மனுக்குச் செய்த பொங்கலும் பூசையும், ஒரு சேலை, சாடியும் சீமெந்தும் சீனியும் கோவாவும், மூன்று வருடப் பழுகாம பஸ் காசு. எல்லாம் சேர்த்து, அந்த நாற்பது செக்கனுக்கு இன்றுவரை நான் கொடுத்தது முப்பத்தேழாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.