டப்பா தேர்வுக் குழு

முடிவெடுப்பது யாருக்கும் கைவரும். முடிவெடுக்காமல் இருப்பதற்குத்தான் நிர்வாகத் திறமை வேண்டும். அந்தத் திறமையில் அதியமான்கோட்டை மாதவராஜை மிஞ்ச தர்மபுரி மாவட்டத்தில் ஆள் கிடையாது. ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறார். அவர் மேஜைக்கு வந்த கோப்பு எதுவும் அவசரப்பட்டு வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை.

அப்பேர்ப்பட்டவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி நிர்மலாதேவி ஒரு கோரிக்கை வைத்தார்.

"என்னங்க, நம்ம கலைமதியோட காலேஜ் டீமு வாலிபால் பைனலுக்கு வந்திருச்சாம். இன்னும் மூணு வாரத்துல கோயமுத்தூர்ல மேட்ச்சு. நெட்லதான் லைவாக் காட்டுவாங்களாம். டிவி பின்னால சொருகுற ஸ்டிக்கு ஒண்ணு வாங்கிப் போடுங்க. புள்ளையப் பெருசாப் பாக்கலாம்."

கலைமதி அவர்களுக்கு ஒரே மகள். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

பெற்ற மகளின் ஆட்டத்தைச் செல்போனில், உள்ளங்கை அகலத்தில் பார்ப்பது மாதவராஜுக்குக் 'கௌரவக் குறைவு'. நேரே கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்துவிடுவதோ 'நடைமுறைக்கு விரோதம்'. ஆகவே ஒரு குழு அமைத்தார். தலைவர், மாதவராஜ். உறுப்பினர், நிர்மலாதேவி. தொழில்நுட்ப ஆலோசகர், பென்னாகரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் மைத்துனன் பூவரசன்.

முதல் கூட்டம் வீட்டுக் கூடத்தில், அணைத்து வைத்த டிவியின் முன்னிலையில் நடந்தது.

"மாமா, ஸ்டிக்கே போதும்ங்க," என்றான் பூவரசன். "பின்னாடி சொருகுனா முடிஞ்சது."

"சொருகுனா வெளிய தெரியுமா?"

"தெரியாதுங்க மாமா. அதுதான் அதுல விசேஷமே."

"வாங்குன பொருளு கண்ணுக்கே தெரியலைன்னா, வாங்குனதுக்கு என்ன ஆதாரம்?"

பூவரசன் தலையைச் சொறிந்தான். அது 'ஏகமனதான ஒப்புதல்' என்று குழுவின் நோட்டில் பதிவானது. ஸ்டிக் 'மேல் பரிசீலனைக்கு' ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டாம் கூட்டத்துக்குப் பூவரசன் தன் கடையிலிருந்து, நெட்டில் வருவதை டிவியில் காட்டும் ஒரு டப்பாவையே கொண்டுவந்து மாட்டினான். ரிமோட்டில் வாயால் சொன்னால் போதும், கேட்டதைக் காட்டும் என்றான். மாதவராஜ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். மேலதிகாரியிடம் பேசும் பணிவோடு ரிமோட்டை வாயருகே பிடித்தார்.

"வூட்ல எல்லாரும் பாக்குற மாதிரி ஏதாச்சும் போடுங்க."

டப்பா சற்று யோசித்தது. 'வூடு' என்பதை ஆங்கிலமாக எடுத்துக்கொண்டு, மரம் அறுக்கும் வீடியோ ஒன்றைப் போட்டது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் பலகையை இழைத்து இழைத்து ஒரு ஸ்டூல் செய்தார். குழு அதை முழுக்கப் பார்த்தது.

"நல்லாத்தாங்க இருக்குது. இதையே வெச்சுக்கலாம்," என்றார் நிர்மலாதேவி.

"நம்ம பேச்சே புரியாத ஒண்ண நடுவூட்ல வெச்சுக்கறதா?"

"வீடுன்னு சொல்லுங்க மாமா, புரிஞ்சுக்கும்," என்றான் பூவரசன்.

"நான் எதுக்கு மாறணும்? அது மாறட்டும்."

டப்பா திருந்தும் வரை கடையிலேயே இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டது.

அதன்பின் மாதவராஜ் தனியாக ஆராய்ச்சியில் இறங்கினார். எந்த டப்பா சிறந்தது என்று எண்பத்து நான்கு விமர்சன வீடியோக்கள் பார்த்தார். எல்லாவற்றையும் செல்போனில், உள்ளங்கை அகலத்தில் பார்த்தார். நடுவில் ஒரு நாள் கலைமதி கூப்பிட்டாள்.

"அப்பா, மனசே சரியில்லப்பா. என்னோட சர்வீஸ் ரொம்பத் தடுமாறுது. பயமா இருக்குது."

"கவலப்படாத கண்ணு, சர்வீஸ் நல்லா இருக்கற கம்பெனியாப் பாத்துத்தான் வாங்குவேன்," என்று தைரியம் சொல்லிவிட்டு வைத்தார்.

ஆட்டத்தன்று காலையிலேயே 'இறுதிக் கள ஆய்வு'க்காகத் தர்மபுரிக்குப் புறப்பட்டார். மூன்றாவது கடையில் இருந்தபோது நிர்மலாதேவி போன் செய்தார்.

"மணி மூணரைங்க. நாலு மணிக்கு மேட்ச்சு. வாங்கிட்டீங்களா?"

"இறுதிக் கட்டத்துல இருக்குது."

"அப்ப நான் பக்கத்து வூட்டு நஞ்சம்மா கூட உக்காந்து பாத்துக்கறேன். அவுங்க போன மாசமே ஒண்ணு வாங்கிட்டாங்க."

"எந்தக் கம்பெனி?"

"தெரியலைங்க. படம் வருது."

இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று மாதவராஜ் வருந்தினார். நான்காவது கடைக்குப் போனார். அங்கே சுவரில் கடிகாரம் இல்லை. பதினொரு டிவி இருந்தது. விற்பனையாளர் முருகேஷ் டப்பா டப்பாவாக மாட்டிக் காட்டினார். செய்தி பார்த்தாயிற்று, சமையல் பார்த்தாயிற்று.

"ஸ்போர்ட்ஸ் எப்படித் தெரியுதுன்னு பாக்கணுமே," என்றார் மாதவராஜ்.

"லைவா ஒரு வாலிபால் ஓடுதுங்க சார். அதையே போடுறேன்."

மாதவராஜ் கிட்டே போய்ப் பார்த்தார். எட்ட நின்று பார்த்தார். பக்கவாட்டில் தலையைச் சாய்த்தும் பார்த்தார். படத்தின் தரத்தைப் பார்ப்பவருக்குப் படத்தில் இருப்பவர்களைப் பார்க்க நேரம் ஏது? நீலச் சட்டைப் பெண் ஒருத்தி உயரே எழும்பி ஓங்கி அடித்தாள். பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. எதிரணி கூச்சலிட்டது. அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த நீலம் கண்ணக் குத்துது," என்றார் மாதவராஜ். "கொறைங்க."

முருகேஷ் குறைத்தார்.

"இப்பப் பரவால்ல."

சற்று நேரத்தில் கலைமதியிடமிருந்து போன் வந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் முதலில் கேட்டது.

"அப்பா, பாத்தீங்களா?"

இல்லை என்றால் குழுவின் மானம் என்னாவது? "பாத்தேன் கண்ணு! பிரமாதம்!"



"பிரமாதமா? கடைசிப் பந்த நான்தாம்பா வெளிய அடிச்சேன். தோத்துட்டோம். அங்கயே உக்காந்து அழுதேன். டிவில காட்டியிருப்பாங்களே."

மாதவராஜ் மெல்லத் திரையின் பக்கம் திரும்பினார். அங்கே யாரோ யாருக்கோ கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க டீமுக்கு… நீலச் சட்டையா கண்ணு?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது.

"மூணு வாரமா ஊர்ல இருக்கற டப்பாவையெல்லாம் விசாரிச்சீங்களாமே, அம்மா சொன்னாங்க. என்னைய ஒரு வாட்டி விசாரிச்சீங்களாப்பா?"