நாத்தனார் முடிச்சுக்குப் போன மோட்டார் சைக்கிள்

புதுக்கோட்டையில் அந்த நாளில் மகாராஜாவைக் கண்ணால் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். டிராயிங் மாஸ்டரின் மோட்டார் சைக்கிளைக் காதால் கேட்காதவர் ஒருவர்கூடக் கிடையாது. அவர் கீழ மூன்றாம் வீதியில் உதைத்தால் திருக்கோகர்ணத்து எருமை பால் சுரக்க மறுக்கும் என்று சொல்வார்கள். எங்கள் பால்காரம்மா அதை வேதவாக்காக நம்பினாள். அவர் வண்டியை எடுப்பதற்குள் கறந்து ஊற்றிவிட வேண்டும் என்று கருக்கலிலேயே வந்து கதவைத் தட்டுவாள்.

பெயர் என்று ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். அதனால் ஊருக்கே மாஸ்டர். நான் அப்போது சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவன், அவர் வீட்டை ஒட்டிய பாதி வீட்டில் குடியிருந்தேன். என்னையும் அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை, ‘குமாஸ்தா’தான்.

மாஸ்டருக்கு ஒரே ஒரு கொள்கை. எதில் கை வைப்பதானாலும் முதலில் அதை வரைந்துவிட வேண்டும். கதவுத் தாழ்ப்பாள் கழன்றால், அது கழன்றிருக்கும் கோலத்தை வரைந்த பிறகுதான் ஆணியைத் தேடுவார். அதுவரை வீடு திறந்து கிடக்கும். முடி வெட்ட வருகிறவரிடம் கண்ணாடியைப் பார்த்துத் தன் தலையை வரைந்து நீட்டுவார்.

“இதுதாங்க இப்ப இருக்கிற தலை. இதுல எங்க குறைக்கணும்னு நீங்களே காட்டுங்க, அப்புறமா கத்தரிய எடுப்போம்.”

“எதுக்கு மாஸ்டர் இத்தனை பாடு?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“வரையிறப்பதாங்க குமாஸ்தா கண்ணு பாக்குது. மத்த நேரமெல்லாம் சும்மா தொறந்து கெடக்கு” என்றார்.

ஊரை விட்டுப் போன ஒரு தோட்டத் துரையிடம் அவர் வாங்கிய வண்டி அது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார சைடு கார் ஒட்டியிருக்கும்; எங்கள் தெருவில் அதற்குத் தொட்டி என்று பெயர். அதைச் சுத்தம் செய்யக் கழற்றுகிறார் என்றால் வீட்டுக் கூடம் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியால் எஞ்சினை வரைவார். கழற்றும் ஒவ்வொரு சாமானும் அதனதன் படத்தின் மேல் போய் உட்காரும். அத்தனை நாளும் கூடத்தைப் பெருக்கக் கூடாது, வருகிறவர்கள் சுவரோடு ஒட்டி நடக்க வேண்டும். ஒரு முறை துக்கம் விசாரிக்க வந்த பெரியவர் தெரியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயா கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி ஒக்காருங்க. அது கியர் பெட்டி எடம்” என்றார் மாஸ்டர். பெரியவர் பயந்துபோய்க் கடைசி வரைக்கும் நின்றுகொண்டே அழுதார்.

இவ்வளவையும் சகித்தவர் மாஸ்டரின் சம்சாரம் சிவகாமி அக்கா. சகித்தார் என்றால் வாயை மூடிக்கொண்டு என்று அர்த்தமில்லை. “ஊர்ல எல்லாரும் மாக்கோலத்த மிதிக்காதன்னுவாக. எங்க வீட்ல எஞ்சினை மிதிக்காதங்கணும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வண்டியின் முன்விளக்குக்குச் சந்தனப் பொட்டு வைத்துக் குங்குமம் இடுவதும் அதே அக்காதான்.

அந்த அக்காவின் ஒரே தம்பிக்கு வல்லத்திராக்கோட்டையில் கல்யாணம் வந்தது. தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும் அல்லவா? தூக்கி வளர்த்த தம்பி. அந்த முடிச்சுக்காக அக்கா வருஷக்கணக்கில் காத்திருந்தார். அவர் வராவிட்டால் முடிச்சு சித்தப்பா மகள் கைக்குப் போய்விடும். அவளோடு அக்காவுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டார் எல்லோரும் முதல் நாளே மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அக்காவும் பெட்டியைத் தூக்கினார். மாஸ்டர் விடவில்லை.

“நீ எதுக்கு மாட்டுவண்டியில குலுங்கிப் போகணும்? காலையில அரை மணி நேரத்துல கொண்டுபோய் எறக்குறேன்.”

சொன்னவர் சும்மா இருந்திருக்கலாம். கல்யாணத்துக்குப் போகிற வண்டி அழுக்காகப் போகக் கூடாது என்று மொத்தத்தையும் கழற்றிக் கூடத்தில் பரப்பினார். துடைத்தார், மாட்டினார், ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. முன்விளக்கை மட்டும் மாட்டவில்லை. “பகல்ல போறதுக்கு வெளக்கு எதுக்கு?” என்று பரணில் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும், அதற்குள் தாலி ஏறியாக வேண்டும். பலகாரம் முடிந்து, அக்கா பட்டுப் புடவையோடு தொட்டியில் ஏறினார். நானும் கல்யாணத்துக்குக் கிளம்பிப் பின்னால் உட்கார்ந்தேன். மாஸ்டர் உதைத்தார். வண்டி மூச்சுக்கூட விடவில்லை. மறுபடி உதைத்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. சத்தம் கேட்டு அல்ல, கேட்காததால்.

மாஸ்டர் பதறவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பொறி நீலமாகப் பறந்தது. டாங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார், பெட்ரோல் நிறைய இருந்தது. மூடினார். “எறங்கித் தள்ளுங்க குமாஸ்தா” என்றார். தள்ளினேன், பிடித்துக்கொண்டது. என் தள்ளலில்தான் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஊர் எல்லை தாண்டியதும் இருமி நின்றது. மறுபடி பிளக், மறுபடி குச்சி, மறுபடி குமாஸ்தா. ஓடியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. பிளக்கைத் துடைத்ததால் ஓடுகிறது என்றார் மாஸ்டர். நான் தள்ளியதால் என்று எனக்குத் தோன்றியது. அக்கா எங்கள் இரண்டு பேரையும் நம்பவில்லை.

செம்மண் ரோட்டில் ஒரு சின்னப் பாலத்தருகே வண்டி நின்றபோது வெயில் ஏறிவிட்டது. என் வேட்டி சட்டையெல்லாம் மண். அக்காவின் குரல் உடைந்தது.

“தம்பி கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டிருப்பான். ஒங்க வண்டிக்காக நான் மாட்டுவண்டியையும் விட்டேன். இனிமே நான் போயி என்னத்தப் பாக்க?”

மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். பாலத்துக் கட்டைச் சுவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிற்கிற வண்டியை வரைய ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டு, ஏதாவது வண்டி வருகிறதா என்று பார்க்க ரோட்டோடு நடந்து போய்விட்டார்.

சக்கரம் வந்தது, ஹாண்டில் வந்தது, டாங்க் வந்தது. டாங்க் மேல் மூடியைப் போட்டார். மூடியின் நடுவில் வட்டமாக ஒரு பொட்டையும் வைத்தார். அங்கே சுண்ணாம்புக் கட்டி நின்றது.

எழுந்து போய் மூடியைக் குனிந்து பார்த்தார். விளக்கு இல்லாத வண்டிக்கு நெற்றி எங்கே என்று தேடிய அக்கா, முந்தின நாள் மாலையே பெட்ரோல் மூடியில் தாராளமாகச் சந்தனத்தை அப்பி வைத்திருந்தார். இரவெல்லாம் காய்ந்து அது கல்லாகியிருந்தது.

“இதுக்குக் கீழ ஒரு ஊசி ஓட்டை இருக்குங்க. காத்து அது வழியா உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ எறங்கும்” என்று கிசுகிசுத்தார். “நான் மூடியத் தொறந்து தொறந்து பாத்தேன்ல, அந்தக் காத்துலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்.”

பெட்ரோல் பார்க்கத் திறந்ததுதான் வைத்தியம்! நான் தள்ளியது வெறும் உடற்பயிற்சி. சந்தனத்தைச் சுரண்டிப் போடுவார் என்று பார்த்தேன். அவர் பையிலிருந்து வரைகிற காம்பஸை எடுத்து, அதன் முனையால் பொட்டின் நடுவே மெல்லக் குத்தினார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போயிற்று. பொட்டு அப்படியே இருந்தது.

“அக்காகிட்ட சொல்லிட்டீங்கன்னா நம்ம சிநேகிதம் அத்தோட சரி” என்றார்.

ஒரே உதையில் கிளம்பிய வண்டி, ரோட்டில் நடந்துகொண்டிருந்த அக்காவை ஏற்றிக்கொண்ட பிறகு வல்லத்திராக்கோட்டைப் பந்தலில் போய்த்தான் நின்றது. அங்கே நடந்ததைப் பிறகு சொன்னார்கள். ஐயர் தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டாராம். சித்தப்பா மகள் கையைத் துடைத்துக்கொண்டு மணப்பெண்ணின் பின்னால் போய் நின்றாளாம். மாப்பிள்ளை மட்டும் கையைத் தூக்கியபடியே இருந்தானாம். “கொஞ்சம் பொறுங்க சாமி. அக்கா வாராக. சத்தம் கேக்குது பாருங்க.”

எருமைகளைப் பயமுறுத்திய அந்தச் சத்தத்தை அன்றைக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அக்கா தொட்டியிலிருந்து குதித்து ஓடியதையும், இரண்டு முடிச்சையும் போட்டுவிட்டுத் தம்பி தலையில் கை வைத்து அழுததையும் பார்த்துக்கொண்டு மாஸ்டர் பந்தல் காலோரமாக நின்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பந்தியில் அக்கா எல்லோரிடமும் சொன்னார். “இவுக கழட்டுன கழட்டுக்கு வண்டி வந்தே இருக்காது. நான் வச்ச சந்தனந்தான் கொண்டாந்து சேத்துச்சு.” நான் வாயைத் திறந்தேன். பக்கத்து இலையில் இருந்த மாஸ்டர் என் தொடையைக் கிள்ளினார். “ஆமாங்க, சந்தனந்தான்” என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார்.

விளக்கு பழையபடி ஏறிவிட்டாலும், ராசியான இடம் என்று அக்கா இனிப் பொட்டை மூடியில்தான் வைப்பதாகச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கூடத்தில் பெட்ரோல் மூடி மட்டும் தனியாக வரையப்பட்டிருந்தது. மாஸ்டர் மூடியை மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பில் புதிதாக ஒரு துளை போட்டுக்கொண்டிருந்தார். இரும்பு லேசில் இறங்கவில்லை, வேர்த்துக் கொட்டியது. பொட்டை வேறு இடத்தில் வைக்கச் சொன்னால் ஒரு வார்த்தையில் முடிகிற காரியம், இதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டேன்.

மாஸ்டர் தலையைத் தூக்காமல் சொன்னார்: “அது அவ பாத்து வச்ச எடம்ங்க. காத்துதான் வேற வழி பாத்துக்கணும்.”