மூச்சுப் பம்பில் குடியிருந்தவர்கள்

வில்பட்டி,
பிலவ வருடம், ஆவணி மாதம்.

மதிப்புக்குரிய அண்ணன் குழந்தைவேல் அவர்களின் சமூகத்துக்குத் தங்கை சண்முகசுந்தரி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. பழனியில் தாங்களும் மதினியும் கடையும் குறைவின்றி இருக்கத் தண்டாயுதபாணி துணை. இங்கே பூண்டு சௌக்கியம், மாடு சௌக்கியம். உங்கள் மாப்பிள்ளையும் இன்றைக்குச் சௌக்கியம். போன வாரம் அப்படியில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இவர்களுடைய இழுப்புக்குக் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் ஒரு மூச்சுப் பம்பு கொடுத்திருக்கிறார்கள். சின்னக் கண்ணாடிக் குடுவை, பின்னால் ரப்பர் குமிழ். மருந்து விட்டு, வாயில் வைத்து அமுக்கினால் மலையில் மஞ்சு இறங்குகிற மாதிரி உள்ளே போகும், நெஞ்சு லேசாகும். தினமும் கழுவிக் காயவைக்கச் சொல்லியிருந்தார்கள். இவுகளோ, "மருந்து இருக்கிற பாத்திரத்துல அழுக்கு எப்படி வரும்?"னு ஈரத்தோட டப்பாவுல போட்டு மூடிருவாக. பக்கத்துத் தோட்டத்து இராமலிங்கம் சளியோட வந்து, "நானும் ஒருக்கா இழுத்துப் பாக்கேன்"னாரு. வெத்தலை குடுக்கிற மாதிரி அவருக்கும் குடுத்தாக. அப்புறம் என்ன, இவுகளுக்குக் காய்ச்சல், மஞ்சளாச் சளி, ஒரு வார்த்தை முழுசாப் பேச மூச்சு பத்தல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. முட்டைக்கோசு ஏத்த வந்த ஜீப்புல, கோசோட கோசா ஏத்திக்கிட்டுப் போனேன்.

நர்சம்மா பம்பை மோந்து பாத்து மூஞ்சியச் சுளிச்சாக. "இதை எப்பக் கழுவுனீங்க?"

"பாக்கச் சுத்தமாத்தானே கெடக்கு?"

"கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும்மா. அமுக்க அமுக்க அதையும் சேத்து நெஞ்சுக்குள்ள அனுப்பியிருக்காரு."

"தெரியாததை நீங்க எப்படிப் பாத்தீக?"ன்னு கேட்டுட்டேன். கேக்காம இருக்க முடியல அண்ணே. அவுக கோவப்படல. சின்னதைப் பெருசாக் காட்டுற ஒரு பித்தளைக் குழாய்கிட்டக் கூட்டிப் போயி, கண்ணை வச்சுப் பாருங்கன்னுட்டு வேற சோலியாப் போயிட்டாக. பாத்தேன். அம்மாடி! கறுப்புக் கறுப்பா, நீளக் காலா, வரிசையா நிக்குது! நான் கண்ணைச் சிமிட்டினா அதுகளும் துள்ளுது! இத்தனையும் இவுக நெஞ்சுக்குள்ள குடியிருந்துச்சேன்னு உடம்பு சிலுத்துப்போச்சு.

காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்ததும் பம்பை அப்படியே உலையில போட்டுட்டேன். இவுக மூக்குக்கண்ணாடியையும் வேக வைக்கத் தேடினேன், அதுக்குள்ள ஒளிச்சு வச்சிட்டாக. மறுநா வெள்ளனே இழுப்பு வந்துருச்சு. "பம்பு எங்க?"

"வெந்துருச்சுங்க."

நெசமாவே வெந்துருச்சு அண்ணே. ரப்பர் குமிழ் கொழுக்கட்டையாட்டம் கொழகொழன்னு சட்டியில ஒட்டிக்கெடந்துச்சு. இவுகளுக்கு உதடெல்லாம் நீலம் பாஞ்சு வருது. நான் பண்ணின வேலையால இந்த மனுசன் போயிருவாகளோன்னு அழுதுக்கிட்டே மறுபடியும் ஜீப்பு. வெரசாப் போனதால ஊசி போட்டுக் காப்பாத்திட்டாக. கண்ணு முழிச்சதும், "அடுத்து என்னையும் வேக வச்சிராதே"ன்னாக. அழுகையிலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

நர்சம்மா புதுக் குமிழ் மாட்டி விளக்கமாச் சொன்னாக. குமிழைக் கழட்டி, ஈரத்துணியால வெளிய தொடைச்சாப் போதும். கண்ணாடியச் சோப்புத் தண்ணியில அலசி, பச்சத் தண்ணியில போட்டு அப்படியே கொதிக்க வச்சு, அதுலயே ஆறவிடணும்; சூட்டோட எடுத்தா விரிஞ்சிரும். வெளுத்த துணியில நல்லா உலந்த பெறகுதான் மூடணும். அடுத்தவுக வாயில வைக்கக் கூடாது. நான் பாத்ததச் சொன்னதும் இப்ப இவுகளே பயந்துபோயிக் கழுவுறாக.

மதினிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் எல்லார் நெஞ்சிலும் மூச்சு தடையில்லாமல் போய்வர வேண்டும் என்று வேண்டும்,
தங்கை சண்முகசுந்தரி.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட வந்த இடத்தில் நர்சம்மாவைப் பார்த்தேன். குழாய்க்குள்ள பாத்த பூச்சிகளோட நீளக் கால்களை வர்ணிச்சேன். முழுசாக் கேட்டுட்டு, "நீங்க பாத்தது உங்க இமை மயிரும்மா"ன்னாக. "அப்பக் கிருமியே இல்லையா?" "இருக்கு. நீங்கதான் பாக்கல." இவுககிட்ட மூச்சு விட்டுறாதீக, கழுவுறத நிறுத்திருவாக. செவ்வாக்கெழம மறுபடி காட்டுறேன்னுருக்காக. இந்தத் தடவ கண்ணைச் சிமிட்ட மாட்டேன்.