பச்சையே காட்டாத பெட்டி

"இன்னைக்கு என்னத்தை வறுத்தே?"

வாசல்படி ஏறி, செருப்பைக் கழற்றி, ஓடி வந்த மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஜெயபால் கேட்டான். அலமாரியில் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் வறுக்கலைங்க. இட்லிதான்" என்றாள் சந்திரலேகா.

"இட்லிக்கா இவ்வளவு சிவப்பு?"

"சட்னிக்குக் கடுகு தாளிச்சேன்."

"கடுகு!" என்றான், கொலைகாரன் பெயர் தெரிந்துவிட்ட இன்ஸ்பெக்டர் மாதிரி.

தோளில் கிடந்த யாழிசை இருமினாள். ஆறு வயது. நெஞ்சுக்குள் யாரோ ஓட்டை விசில் ஊதுவது போலச் சத்தம் வந்தது.

"வெந்நீர் போட்டிருக்கேன். குளிச்சிட்டு வந்துருங்களேன்."

"புள்ள மூச்சு விட முடியாமக் கெடக்கு. எனக்குக் குளியல் ஒரு கேடா?"

பூதலூரில் ஜெயபாலுக்கு ரைஸ் மில். தை பிறந்து சம்பா அறுவடை ஆரம்பித்தால் மில் இரவு பகலாக ஓடும். வருஷா வருஷம் அதே சமயத்தில் யாழிசைக்கும் இழுப்பு வரும். பனிதான் காரணம் என்று ஜெயபால் கண்டுபிடித்திருந்தான். காதில் துணி கட்டினான், வாழைப்பழத்தை நிறுத்தினான், தயிரை நிறுத்தினான். இழுப்பு நிற்கவில்லை.

இந்த வருஷம் தஞ்சாவூரில் டாக்டர் அனுசுயாவிடம் காட்டினார்கள். "பனி இல்லைங்க. வீட்டுக்குள்ள இருக்கிற காத்துதான். புகை, தூசி, பூஞ்சை எல்லாம் இந்த வயசுல நுரையீரலை ரொம்பப் படுத்தும். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"பிசினஸ்" என்றான் ஜெயபால்.

ரைஸ் மில் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் எவனும் பொன்னி அரிசி ஒரு மூட்டை கேட்காமல் விடுவதில்லை. டாக்டரும் கேட்டுவிட்டால்?

சந்திரலேகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு. நான் பேசிட்டிருக்கேன்ல" என்றான். பிறகு காரைத் திருப்ப முன்னால் போய்விட்டான். அம்மாவும் மகளும் மருந்துச் சீட்டோடு பின்னால் வந்தார்கள். சீட்டின் கடைசியில் இந்தப் பெட்டி இருந்தது. காற்று நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமாக இருந்தால் சிவப்பு.

டாக்டரே எழுதிவிட்டார். ஜெயபால் அன்றைக்கே வாங்கினான்.

கடுகில் தொடங்கினான். தாளிப்பு நின்றது. மறுநாள் சாயங்காலம் வந்து மகளைத் தூக்கினான், பார்த்தான். சிவப்பு. ஊதுபத்தியும் சாம்பிராணியும் வெளியே போயின. சிவப்பு. கொசுவத்தியை நிறுத்தினான். கொசு வந்தது, சிவப்பு போகவில்லை. யாழிசை இருமிக்கொண்டே சொறிந்துகொண்டாள்.

"பகலெல்லாம் பச்சையாத்தான் இருக்குங்க" என்றாள் சந்திரலேகா.

"நான் பாக்குறப்ப எல்லாம் சிவப்பு. அப்ப நான் பொய் சொல்றேனா?"

"போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கேன். பாருங்க."

"போன்ல எதை வேணா எடுக்கலாம். இப்பக் கண்ணு முன்னாடி என்ன எரியுது? சொல்லு."

கண் முன்னால் சிவப்புதான் எரிந்தது.

அடுத்தது அவள் தலையில் இருந்த மல்லிகைப்பூ. பிறகு பவுடர் டப்பா. பிறகு சுவர். சுவரில் கண்ணாடி போட்டு அவள் பட்டம் மாட்டியிருந்தது. எம்.எஸ்சி. இயற்பியல். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். அப்பா அதைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, அவரே ஆணி அடித்து மாட்டினார்.

"இதுக்குப் பின்னாடி எவ்வளவு தூசி பாத்தியா?"

பட்டம் கட்டிலுக்கு அடியில் போனது. சுவரில் அதற்குப் பக்கத்திலேயே ஜெயபால் மில் திறப்பு விழாவில் மாலையோடு நிற்கிற படம், அதே அளவில். அது தூசி சேராத ஜாதி போலிருக்கிறது. அங்கேயே இருந்தது.

"வெந்நீர் ரெடியா இருக்கு. முதல்ல குளிச்சிருங்க."

"வெந்நீரா? எதுல போட்டே?"

"பின்பக்கத்து விறகடுப்புலதான்."

ஜெயபாலின் கண்கள் மெல்ல விரிந்தன. "விறகுப் புகை! வீட்டுக்குள்ளயே எதிரியை வச்சுக்கிட்டு நான் ஊரெல்லாம் தேடிட்டிருக்கேன்."

விறகடுப்பை அவனே கடப்பாரையால் இடித்தான்.

"அது தப்பில்லைங்க, புகை கெடுதல்தான். கேஸ்ல போட்டுத் தரேன்" என்றாள் அவள் அவசரமாக.

"கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். தை மாசத்துல பச்சத் தண்ணியில எவன் குளிப்பான்? பம்புசெட்டுத் தண்ணின்னா வெதுவெதுன்னு இருக்கும், நான் காலையில மில்லுக்குப் போனதும் அதுல குளிச்சுக்கிறேன்."

அவள் முகம் தொங்கிப்போனது. புருஷனுக்கு வெந்நீர் போட்டுக் கொடுக்கிற பாக்கியம் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். மனசு கொஞ்சம் இளகியது.

அன்றிலிருந்து சிவப்பு அடர்ந்தது. பெட்டி புதிதாகக் கீச்கீச் என்று கத்தவும் ஆரம்பித்தது. இனி இவளை நம்பிப் பிரயோஜனமில்லை என்று ஜெயபால் மத்தியானமும் சாப்பிட வீட்டுக்கு வரத் தொடங்கினான். வந்தான், மகளைத் தூக்கினான், பார்த்தான்.

"பாத்தியா! இப்பப் பகல்லயும் ஆரம்பிச்சிருச்சு. பச்சையாம்ல, பச்சை!"

ஜன்னல்களைச் சாத்தினான். இடுக்கு வழியாகக் காற்று வருகிறது என்று மில்லிலிருந்து பழைய சாக்குகளைக் கொண்டுவந்து இண்டு இடுக்கெல்லாம் அடைத்தான். வேலை முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்றான். பெட்டி நிற்காமல் கத்தியது.

"ஜன்னலைத் திறங்க. புள்ளைக்குக் காத்து வேணும்" என்றாள் சந்திரலேகா. இந்தத் தடவை குரலில் கெஞ்சல் இல்லை.

"எனக்குச் சொல்லித் தராதே. பூ வச்சே, பவுடர் போட்டே, கடுகு வெடிச்சே. உனக்குப் புள்ள வளக்கத் தெரியலை. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பவும் இது சிவப்பா இருந்துச்சு, யாழியைப் பட்டுக்கோட்டையில எங்க அக்கா வீட்ல விட்டுருவேன். அங்கயே படிக்கட்டும்."

"என் புள்ளையையா?"

"மெஷினே சொல்லுது. நான் என்ன பண்ண?"

யாழிசை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தாள், இருமல்தான் வந்தது.

மறுநாள் காலை ஜெயபால் மில்லுக்குப் போனபின் அவளுக்கு இழுப்பு முற்றியது. பேச முடியவில்லை, உதடு வெளுத்தது. சந்திரலேகா ஆட்டோ பிடித்தாள். வழியில் போன் போட்டாள்.

"நீ போ. நெல்லு லாரி நிக்குது, இறக்கிட்டு நேரா வந்துடறேன். அந்தப் பெட்டியை எடுத்தியா?"

"புள்ளையை எடுத்தேன்."

"பெட்டி?"

"அதையும்தான்" என்றாள்.

அவன் டாக்டர் அனுசுயாவின் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தபோது யாழிசை மூஞ்சியில் மாஸ்க்கோடு மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தாள். உதட்டுக்கு நிறம் திரும்பியிருந்தது. பக்கத்தில் மேஜையில் பெட்டி. நர்ஸ் நிலோஃபர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

ஜெயபால் பாய்ந்து வந்து மகள் தலையைத் தடவினான். பெட்டி கத்தியது.

"பாருங்க சிஸ்டர், ஆஸ்பத்திரியிலயும் சிவப்பு! இவ எங்க போனாலும் கூடவே வருது."

"இவங்க வந்து ஒரு மணி நேரமாச்சு சார். இது வரைக்கும் பச்சைதான் எரிஞ்சுது."

நிலோஃபர் நிமிர்ந்தாள். அவன் சட்டையைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள். எல்லாம் ஒரே தவிட்டு நிறத்தில் இருந்தன.

"சார், கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க."

"எதுக்கு?"

"நில்லுங்களேன்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் சிவப்பு மஞ்சளானது. மஞ்சள் பச்சையானது. ஜெயபால் அந்தப் பச்சையை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தான். சந்தோஷத்தில் உள்ளே ஓடி வந்து குனிந்து பார்த்தான். சிவப்பு. வெளியே போனான். பச்சை. மறுபடி வந்தான். சிவப்பு. டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த தாய்மார்கள் அவன் போவதையும் வருவதையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

வெளியே நின்று சட்டையை ஒரு தட்டுத் தட்டினான். பொன்னிறமாக ஒரு மேகம் எழுந்தது. முதல் வரிசையில் இரண்டு குழந்தைகள் ஒன்றாக இருமின.

சந்திரலேகா மகளின் மாஸ்க்கைச் சரி செய்தாள்.

ஜெயபால் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் நீட்டினான். "சிஸ்டர், நான் வந்து... பிசினஸ்..."

"ரைஸ் மில். தெரியும் சார்."

"எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே?"

"அன்னைக்கு நீங்க கார் எடுக்கப் போனப்ப உங்க மிஸஸ் டாக்டர்கிட்ட சொன்னாங்க. 'குளிக்காம புள்ளையைத் தூக்காதீங்கன்னு நான் சொன்னாக் கேக்க மாட்டாரு மேடம், காசு குடுத்து வாங்குன மெஷின் சொன்னாலாவது கேப்பாரு'ன்னு அந்தப் பெட்டியை எழுத வச்சதே அவங்கதான்."