அம்மா தமிழில் அடித்த லாக்புக்

கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் படிக்காமல் போட்டவை மொத்தம் நாற்பத்தோரு கையெழுத்துகள். அதுவும் விமானி வேலைக்கான முதல் நேர்முகத் தேர்வுக்குப் போகிற வழியில்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. விமானம் ஓட்ட உரிமம் வாங்கிவிட்டு, இரண்டு வருடமாகக் கடம்பத்தூர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் கம்பெனியில் வேலை. அம்மாவுக்கு இரண்டு ஷெட் தள்ளி பேக்கிங்கில். "உங்க பொண்ணு ஏரோப்ளேன் இன்னும் ஸ்டார்ட் ஆவலியாக்கா?" என்று கூட வேலை செய்யும் பெண்கள் அம்மாவை அக்கறையாக விசாரிப்பார்கள்.

விமானிக்கு லாக்புக் என்று ஒன்று உண்டு. எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன பயிற்சி என்று ஒவ்வொரு பறத்தலும் அதில் ஏற வேண்டும். என்னுடையது இணையதளத்தில் இருந்தது. அதை அச்சிட்டு, பைண்ட் செய்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். நான் வானிலைப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன் (பெரிய படிப்பாளி!). பாஸ்வேர்டு இருந்த சீட்டை அம்மாவிடம் கொடுத்து, கம்பெனிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினேன்.

மாலையில் புத்தகம் வந்தது. கருநீல அட்டை, தங்க எழுத்தில் என் பெயர். பிரிக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டாள். காலையில்தான் தொட வேண்டுமாம்.

காலை ரயிலில் திருநின்றவூர் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. மடியில் பை, பைக்குள் புத்தகம். வெளியே எடுத்தால் பக்கத்தில் இருந்தவரின் பூக்கூடையில் இடிக்கும். ஆகவே கீழ் மூலையை மட்டும் விரித்து விரித்துக் கையெழுத்துப் போட்டேன். விமானத்தின் வால் மாதிரி மேலே எழும்பும் கையெழுத்து (ஒரு மாதம் பழகியது). அதன் அழகில் மயங்கியவளுக்கு, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஏது நேரம்?

தேர்வு மீனம்பாக்கம் பக்கம் ஓர் ஓட்டலில். எதிரே நரைத்த மீசையோடு ஒரு கேப்டன், பக்கத்தில் வடக்கத்திக்கார அதிகாரி அம்மாள். அந்த அம்மாள் புத்தகத்தைப் புரட்டினார், திருப்பிப் பிடித்துப் பார்த்தார், கேப்டனிடம் தள்ளினார். கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தனிமை, நூற்றிரண்டு மணி நேரம்" என்று நல்ல தமிழில் வாசித்தார்.

என் குடும்ப நிலையை விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "இல்ல சார், அப்பா அம்மாகூடத்தான் இருக்கேன்" என்றேன்.

அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். முழுக்கத் தமிழ். ஆசிரியர் இல்லாமல் நான் ஓட்டியதெல்லாம் 'தனிமை'. ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்கப் பழகிய 'சர்க்யூட்' எல்லாம் 'மின்சுற்று'. சக்கரம் தரையைத் தொட்டவுடன் மறுபடி எழும்பும் பயிற்சி, 'தொட்டுவிட்டுப் போ'.

"கடை மீட்பு, ஆறு முறை. யாரோட கடைம்மா?"

வேகம் குறைந்து, இறக்கை விமானத்தைத் தாங்காமல் போவதற்கு 'ஸ்டால்' என்று பெயர். அதிலிருந்து விமானத்தை மீட்கும் பயிற்சி அது. விளக்கத்தான் வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்த மேக வகைகள் வரிசையாக வந்து விழுந்தன. கேப்டன் பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்தின் அடியில் விரலை வைத்து, "மேற்கண்ட யாவும் உண்மைன்னு வேற கையெழுத்து போட்டிருக்கே" என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆங்கிலப் பிரதி வேண்டும் என்றார். பாஸ்வேர்டு எனக்கு ஞாபகமில்லை. சீட்டு அம்மாவின் சாப்பாட்டுப் பையில் இருந்தது. அம்மாவின் போனோ ஷிப்ட் முடியும் வரை கம்பெனி லாக்கரில். இருபத்தாறு முறை போன் அடித்துப் பார்த்துவிட்டு, ரயில் ஏறி அழுதுகொண்டே வீடு வந்தேன்.

ஒரு சண்டைக்குத் தேவையான வார்த்தைகளை வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "தமிழ்ல மாத்தவான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சி. நான்தான் மாத்தச் சொன்னேன். நீ இன்னா படிச்சேன்னு கேக்குறவங்களுக்கு எனக்குச் சொல்லத் தெரியலடி. இங்கிலீசும் கூடவே இருக்கும்னு நெனச்சிக்கினேன்." முந்தின நாள் ஷேர் ஆட்டோவில் வரும்போதே பாதி படித்துவிட்டாளாம். "நூறு மணி நேரம் அவ்ளோ ஒசரத்துல தனியாவா இருந்தே?" என்று கேட்டாள்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அதற்கான லாக்புக்கை நானே அச்சடித்து, பக்கத்துக்கு மூன்று முறை படித்தேன்.

தமிழ்ப் புத்தகம் மட்டும் அம்மாவுடையதாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதுதான் ஆல்பம். என்னைப் பெண் பார்க்க வந்தபோதும், காபி வருவதற்குள் அம்மா அதை மாப்பிள்ளையின் அம்மா மடியில் வைத்துவிட்டாள். அவர் மரியாதையாகப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்: 'முக்காட்டின் கீழ், இருபது மணி நேரம்.'

வெளியே எதுவும் தெரியாதபடி தலையில் 'ஹூட்' என்ற மறைப்பை மாட்டிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுகிற பயிற்சி அது.

"இந்தக் காலத்துல இப்டி அடக்கமான பொண்ணு எங்க கெடைக்குது?" என்றார் அவர்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், மாமியார் சமையலறையிலிருந்தே மகனைக் கேட்கிறார்: "இன்னாடா, அந்த இருபது மணி நேரம் முடிஞ்சி போச்சா?"