தடை சாரின் மூன்றாவது ஓலை

1972 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை; கிணற்றில் இறைத்துக் குளித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கோயிலில் இரண்டாம் மணி அடிப்பதற்குள் நானும் என் மனைவி பிலோமினாவும் உள்ளே போய்விட்டோம். அவள் பெண்கள் பக்கம், நான் ஆர்மோனியத்துக்கு அருகே பாடகர்களோடு. பூசை ஆறரைக்குத் தொடங்கியது. ஃபாதரின் பிரசங்கம் வழக்கம்போல எங்கேயோ புறப்பட்டு எங்கேயோ போய்ச் சேர்ந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுது, ஓய்ந்து, தூங்கியது. அதுவரை அது மற்ற ஞாயிறுகளைப் போன்ற ஒரு ஞாயிறுதான்.

பிரசங்கம் முடிந்ததும் ஃபாதர் ஓலை வாசித்தார். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தில், ஒரு கல்யாணம் நிச்சயமானால் அதை மூன்று ஞாயிறு பூசையில் எல்லார் காதிலும் விழும்படி அறிவிப்பார்கள். இன்னாருடைய மகன் இன்னார், இன்னாருடைய மகள் இன்னாரை மணக்கப் போகிறார். இதற்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இதற்குத்தான் ஓலை என்று பெயர். மூன்று ஓலை முடிந்த பிறகே தாலி.

அன்று வாசித்த மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டு ஒருவரும் அசையவில்லை. அப்படி ஒரு ஆள் பங்கில் இருப்பதே யாருக்கும் தெரியாது. அடுத்து வந்த பெண்ணின் பெயரைக் கேட்டதும் கோயிலே நிமிர்ந்து உட்கார்ந்தது. இரும்புலியூர் ரீத்தா டீச்சர்! கான்வென்டில் தையல் சொல்லிக்கொடுப்பவர். நாற்பதைத் தாண்டியவர். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது.

"யாருடி மாப்பிள்ள? வெளியூரா?"

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம தடை சார்தான்," என்றார்.

கோயிலுக்குள் சிரிக்கக் கூடாது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுக்கப்பட்டது. அன்று அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்தக் காலத்தில் மேற்குத் தாம்பரத்தில் கல்யாணம் செய்துகொண்ட கத்தோலிக்க ஆண்பிள்ளை எவனும் மாமனாருக்குப் பயந்ததில்லை. தடை சாருக்குத்தான் பயந்தான். அவருக்குக் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை. வந்து விழும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அளவு பார்த்து, சரியானதை ஒரு தொட்டியிலும் கழித்ததை இன்னொரு தொட்டியிலும் போடுவார். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை விடுமுறை. எனவே மாப்பிள்ளைகளைப் பார்த்தார்.

'தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்ற வரியை நாங்களெல்லாம் ஸ்டேஷன் அறிவிப்பைப் போலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தடை சார் ஒருவர்தான் அதைத் தனக்கு வந்த சம்மனாக எடுத்துக்கொண்டார். கோயிலில் கேட்கிறார்கள், தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் பாவம். தெரியாமல் இருந்தாலோ, தெரிந்துகொள்ளாத பாவம்.

சைக்கிள் கடை ஆரோக்கியத்துக்கு முதல் ஓலை வாசித்த அன்று, பூசை முடிந்ததும் தடை சார் நேராகச் சாமியார் வீட்டுக்குப் போனார்.

"சாமி, பையன் பூசைல நன்மை அப்பம் வாங்கினதும் சைக்கிள்ல ஏறிப் போயிடுறான். கடைசி ஆசீர்வாதத்துக்கு ஒருநாளும் நின்னதில்ல. பூசைக்கே முழுசா நிக்காதவன் குடும்பத்துல நிப்பானா?"

"கடையைத் திறக்கணும்ல, பாவம். திருச்சபைச் சட்டத்துல இதெல்லாம் தடை இல்லப்பா."

"தெரியும் சாமி. தெரிஞ்சதச் சொல்லணும்னு நீங்கதான் வாசிச்சீங்க. சொல்லிட்டேன். இனிமே உங்க பொறுப்பு."

விஷயம் ஆரோக்கியத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்? கையில் கிரீஸோடு வந்து வழிமறித்தான்.

"இன்னா சார் நீ? கடையத் தொறக்க கொஞ்சம் முன்னாடி போனா அது ஒரு குத்தமா? கண்ணாலம் நின்னுபோச்சுன்னா என்னை இன்னா நீயா கட்டிக்குவ?"

"எப்படிக் கட்டிக்க முடியும்? நான்தான் உனக்குத் தடை சொல்லியிருக்கேனே," என்றார் தடை சார்.

ஆரோக்கியத்தின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தலுக்கு முதலில் வந்தவர் தடை சார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி முழுக்க ரசம் ஊற்றியவரும் அவரே. அவர் சொன்ன தடையால் ஒரு கல்யாணமும் நின்றதில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதும் இல்லை. சொல்வது அவர் கடமை. தள்ளுவது ஃபாதர் கடமை. இருவரும் தத்தம் கடமையைச் சரியாகச் செய்தார்கள்.

மாப்பிள்ளை வேறு பங்கைச் சேர்ந்தவராக இருந்தால் தடை சார் மின்சார ரயில் ஏறிப் போய் விசாரிப்பார். வெயிலில் வழி தெரியாமல் வந்தவர்போல வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்பார். மாப்பிள்ளை தானே எழுந்து போய்க் கொண்டுவந்தால் தேறினான். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அம்மா, யாரோ தண்ணி கேக்குறாங்க," என்று குரல் கொடுத்தால் தடை. இந்த ரகசியம் மெல்ல வெளியே கசிந்தது. ஓலை வாசிக்கும் அந்த மூன்று வாரமும் தாய்மார்கள் மகன்களை வாசல் பக்கமே உட்காரவைத்தார்கள். பல்லாவரத்தில் ஒரு வீட்டில், மீட்டர் பார்க்க வந்த மின்வாரிய ஊழியர் இரண்டு சொம்பு தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் மீட்டர் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். தண்ணீரில் தேறிய அந்த வீட்டு மாப்பிள்ளைக்கும், ரயிலில் குறட்டை விட்டுத் தூங்கினான் என்று தடை சார் ஒரு தடை சொன்னார்; ஃபாதர் தள்ளினார்.

எனக்கும் சொன்னார். என் முதல் ஓலைக்கு மறுவாரம் ஃபாதரிடம் போய், "பையன் நல்லவன்தான் சாமி. ஆனா எல்லாத்தையும் டைரில எழுதி வைக்கிறான். நாளைக்கு அந்தப் பொண்ணு குழம்புல உப்பைக் கூடப் போட்டா தேதி போட்டு எழுதிடுவான்," என்றார். என் மாமனார் கொஞ்சம் கலங்கித்தான் போனார். பிலோமினா கலங்கவில்லை. "எழுதட்டுமே. பக்கத்துல உக்காந்து நான்தானே படிக்கப்போறேன்," என்றாளாம். இன்றுவரை என் டைரியில் குழம்பைப் பற்றி ஒரு வரி கிடையாது.

தடை சாரை எதிர்த்து வாயடைக்க வைத்தவர் ரீத்தா டீச்சர் ஒருவர்தான். தகப்பன் இல்லாத வீட்டில் இரண்டு தங்கைகளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தவர் அவர். இளைய தங்கைக்கு வந்த மாப்பிள்ளை, மின்சார ரயிலில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டதாகத் தடை சார் புகார் சொன்னார். அடுத்த ஞாயிறு டீச்சர் கோயில் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சார், தெரியாமத்தான் கேக்குறேன். நீங்க என்னைக்காவது எழுந்து யாருக்காவது இடம் குடுத்திருக்கீங்களா?"

தடை சார் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். "இல்ல டீச்சர்," என்றார்.

"அப்ப வாயை மூடிட்டு இருங்க."

மறுநாளிலிருந்து அவர் குரோம்பேட்டையில் ஏறினால் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தார். பெட்டி காலியாக இருந்தாலும் நின்றார். ஒருநாள் டீச்சர் அதே பெட்டியில் ஏறி, ஆளில்லாத பலகைகளுக்கு நடுவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவரைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு என்ன பேசினார்கள், யார் முதலில் பேசினார்கள், எனக்குத் தெரியாது. பிலோமினாவுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓலைதான் வந்தது.

முதல் ஓலை முடிந்து டீக்கடையில் கூடியபோது எங்களுக்கெல்லாம் பழி தீர்க்க ஒரு வாய்ப்பு.

"என்ன சார், மாப்பிள்ள எப்படி? விசாரிச்சாச்சா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "விசாரணை நடக்குது," என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆரோக்கியம் கிளாஸைக் கீழே வைத்தான். "யோவ், இந்த ஆளு தன் கண்ணாலத்துக்கே தடை சொல்லிடுவாரு போல கீதே!"

எல்லாரும் சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம். அவர் செய்யக்கூடியவர்தான்.

இரண்டாம் ஓலை வாரத்தில் அவர் இளைத்துப்போனார். டீக்கடைக்கு வரவில்லை. பிலோமினா இரும்புலியூருக்குப் போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தாள். பங்கில் எத்தனையோ மணப்பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுத்தவர், முதல்முறையாகத் தனக்கு ஒன்று தைத்துக்கொண்டிருந்தாராம். ஜாக்கெட் கையைத் தைத்துவிட்டு, பிரித்துவிட்டு, மறுபடி தைத்தாராம்.

"அந்த மனுஷன் எதையாவது பேசி இதக் கெடுத்தாருன்னா, நான் சும்மா விட மாட்டேன்," என்றாள் பிலோமினா. அவள் கண் கலங்கியிருந்தது.

ஜூன் 18. மூன்றாவது ஓலை வாசித்தாயிற்று. பூசை முடிந்ததும் தடை சார் எப்போதும் போகிற நடையில், எப்போதும் போகிற பாதையில், சாமியார் வீட்டை நோக்கிப் போனார். சாமியார் வீட்டு ஜன்னலை ஒட்டித்தான் மாதா சிலை வைத்த கல் குகை, மாதா கெபி, இருக்கிறது. பங்கிலுள்ள அத்தனை பேருக்கும் அந்த நிமிடமே கெபியில் ஜெபிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆரோக்கியம்கூட ஆசீர்வாதம் முடியும்வரை நின்றிருந்தான். கடையைப் பற்றி அன்று அவனுக்கு நினைப்பே இல்லை.

உள்ளே தடை சாரின் குரல் கேட்டது.

"சாமி, மாப்பிள்ளையப் பத்திச் சொல்லணும்."

"எந்த மாப்பிள்ள?"

"இப்ப வாசிச்சீங்களே, அவன்தான். அவன் வீட்டப் போய் நல்லாப் பாத்தேன். ஒரே ரூம். சுண்ணாம்பு அடிச்சு வருஷக்கணக்காச்சு. செவுரு உதிருது. அங்க ஒரு பொம்பள எப்படி வந்து இருப்பா?"

"அது ஒரு தடையாப்பா?"

"அது சின்னது சாமி. பெருசு வேற இருக்கு. அவனுக்கு அடுத்தவங்க கிட்ட குறையத் தவிர வேற ஒண்ணும் கண்ணுல படாது. கிட்ட இருந்து பார்த்தவன் நான். அவன்கூட யாரும் குடித்தனம் பண்ண முடியாது. டீச்சர் ரொம்பக் கஷ்டப்பட்டவங்க. அவங்களுக்குப் போய்..." அந்த வாக்கியத்தை முடிக்காமலே, "தெரிஞ்சதச் சொல்லிட்டேன் சாமி," என்றார்.

'இனிமே உங்க பொறுப்பு' என்ற வழக்கமான வரியைத் தடை சார் அன்று சொல்லவில்லை. அப்போதுதான் பக்கத்து அறையில் நடந்துகொண்டிருந்த மாதா சபைக் கூட்டத்திலிருந்து ரீத்தா டீச்சர் எழுந்து வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார்; பார்க்காததுபோல் உள்ளே போனார்.

"ஃபாதர், நானும் ஒரு தடை சொல்லணும்."

பிலோமினா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லும்மா," என்றார் ஃபாதர்.

"பொண்ணு ரொம்பப் பிடிவாதக்காரி. அவளுக்கு ஒருத்தரப் பிடிச்சுப்போச்சுன்னா, அப்புறம் சாமியாரே வந்து சொன்னாலும் கேக்க மாட்டா. மாப்பிள்ளைக்கு இது தெரியணும்ல?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"டீச்சர், அது தடை ஆகாது," என்றார் தடை சார்.

"ஏன் ஆகாது?"

"சட்டத்துல இல்ல. பல்லாவரத்துப் பையனோட குறட்டையையே சாமி ஏத்துக்கல. பிடிவாதத்தை எப்படி ஏத்துக்குவாரு?"

எங்களுக்குத் தெரிந்து அவர் வாயால் ஒரு தடையைத் தள்ளுபடி செய்தது அதுதான் முதல்முறை. ஃபாதர் எழுந்து ஜன்னலருகே வந்தார். கெபியில் முழங்காலில் இருந்த எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ரெண்டு தடையும் தள்ளுபடி. புதன்கிழமை காலைல கல்யாணம். எல்லாரும் எழுந்து போய் டீ குடிங்க."

டீக்கடையில் ஆரோக்கியம்தான் பேச்சைத் தொடங்கினான். "ஏம்பா, சாமியாரு தள்ளுனா தள்ளட்டும். அந்தச் செவுரு மேட்டரு நெசந்தான். நான் ஒருதபா பார்த்துகீறேன். ரொம்ப பேஜாரா கீது. டீச்சரு அங்க வந்து எப்படி இருக்கும்?"

ஜூன் 19, திங்கட்கிழமை. காலையில் முதல் வேலையாக, முகம் கழுவியதோடு சரி, தடை சார் வீட்டுக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர் குடியிருந்த அந்த ஒற்றை அறையின் வாசலில் ஆரோக்கியம் ஏற்கெனவே சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தான். பல்லாவரத்துக் குறட்டை மாப்பிள்ளை முதல் ரயிலில் வந்திருந்தார். டீச்சரின் இளைய தங்கை கணவர் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையோடு நின்றார். இன்னும் சிலர்.

கதவைத் திறந்த தடை சார் திகைத்தார். "என்ன இது? எல்லாரும் எதுக்கு வந்திருக்கீங்க?"

"உன்கிட்ட ஃபெயிலான பசங்க சார். நவுரு," என்றான் ஆரோக்கியம்.

அவர் நகர்ந்தார். நாங்கள் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினோம். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். பிறகு உள்ளே வந்து ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று பார்த்தார். என் பின்னால் வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"அந்த மூலை விட்டுப்போச்சு, தம்பி."

வெளியே நான் ஆபீஸுக்குப் போகும் ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, அந்த மூலையை மறுபடி அடித்தேன்.