துரை தின்ற வாய்க்கரிசி

கீழ்க்கரட்டுப்பாளையம், ராசிபுரம் வழி
துந்துபி வருஷம் ஆவணி மாதம் 14 (1922), புதன்கிழமை

அஸ்தம்பட்டியில் சகல பாக்கியங்களோடும் சர்க்கார் நாற்காலியோடும் வாழும் மாப்பிள்ளை மாதையன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் முத்தாயம்மாளின் புருஷனும் இவ்வூர் மணியக்காரனுமாகிய சின்னண்ணன் அநேக ஆசிகள் கூறி எழுதிக்கொண்டது. இங்கே மாடு கன்று உட்பட யாவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மாடு மட்டும் சுகம். மற்றவர்கள் சுகத்தை நீங்கள் அனுப்பிவைத்த கல் கெடுத்துவிட்டது.

நீங்கள்தானே மாப்பிள்ளை போன தைமாசம் வந்து, ஜெர்மன் சண்டையில் செத்தவர்களுக்குச் சர்க்கார் கல் தருகிறது, ஒரு மனுப் போடுங்கள், உங்களுக்கும் பெயர் வரும் என்றீர்கள்? போட்டேன். இந்த ஊரிலிருந்து ஒன்பது பேர் போனார்கள், பாவாயி மகன் அம்மாசி முதலாக மூன்று பேர் திரும்பவில்லை. கல்லிலும் அப்படியே மூன்று பெயர். நம் வீட்டுப் பெயர் அதில் இல்லை, இருக்க நியாயமும் இல்லை. என் மகன் மயில்சாமி என்னோடு காளை விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டு சேலத்துக்கு நடந்து, கோவேறு கழுதை ஓட்டும் பட்டாளத்தில் சேர்ந்தபோது, ஊர் அஸ்தம்பட்டி, தகப்பன் இல்லை என்றல்லவா எழுதிக்கொடுத்தான்? கடல் கடந்து பாஸ்ராவில் காய்ச்சலில் போனான் என்ற காகிதம்கூட உங்கள் விலாசத்துக்குத்தான் வந்தது. அந்தப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்பது நாலு வருஷமாக என் உத்தரவு. இந்தக் கடிதத்திலும் அதை எடுக்கவில்லை. கல்லுக்கு வருகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை கல் மாட்டு வண்டியில் வந்தது. உங்கள் ஆபீஸில் எந்தப் புத்திசாலி அதை ஆள் நீளத்துக்கு வைக்கோல் பரப்பி, வெள்ளைத் துணி சுற்றி அனுப்பினானோ தெரியவில்லை. என் மாட்டுக் கொட்டகையில் வைக்க நாலு பேர் தோள்கொடுத்து இறக்கும்போது பாவாயி தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தாள்.

"ஏனுங்க, யாருங்க அது?" என்றாள்.

வண்டிக்காரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "உங்க அம்மாசிதானுங்க ஆத்தா, சர்க்கார்ல அனுப்பிச்சுட்டாங்க" என்றான். குடம் கீழே விழுந்தது. "எம்பையன் வந்துட்டானுங்க! ஊரெல்லாம் வாங்க, எம்பையன் வந்துட்டான்!" என்று அந்தத் துணியின்மேல் விழுந்தவளை நாலு பெண்கள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. உடம்பு வராததால் அவள் இத்தனை வருஷமாகக் கருமாதி செய்யவில்லை, செய்ய விடவும் இல்லை. அன்றைக்குத் தலையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மற்ற இரண்டு வீட்டாரும் வந்து சேர்ந்தார்கள். அரை நாழிகையில் என் மாட்டுக் கொட்டகை எழவு வீடாகிவிட்டது.

ஆத்தா, இது கல், வெள்ளிக்கிழமை கலெக்டர் துரை வந்து திறந்துவைப்பார், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றேன். அவ்வளவுதான், அகப்பட்டுக்கொண்டேன். பிணத்தை எடுக்காமல் எந்த வீட்டில் அடுப்பு மூட்டுவது? செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஊரில் புகை இல்லை. குழந்தைகள் பசியென்று அழுதால் தாய்மார்கள் என் வீட்டைக் கைகாட்டினார்கள். பக்கத்து ஊர் உறவுக்காரர்கள் கூழ் கொண்டுவந்து ஊற்றினார்கள், ஊற்றும்போதே என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். கல்லைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்தாயிற்று. கல்வேலைக்காரன் காளியப்பன், "அதை நிக்க வைக்கோணுங்க, எழுத்து நட்டுக்கதான் இருக்குது" என்று ஒருமுறை சொன்னான். செத்தவனை எந்த ஊரில் நிற்கவைக்கிறார்கள் என்று கேட்டு அவனை அடிக்கப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை துரை வந்தார். கொட்டுக்காரர்களிடம் வரவேற்புக்கு அடியுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர்கள் தலைவிரித்து உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார்கள், சாவுக்கொட்டு அடித்தார்கள். துரை காலால் தாளம் போட்டார். சாவடி முன்னால் குழி வெட்டி, வாழை கட்டி, நாற்காலி போட்டிருந்தேன். கல்லைத் தூக்கிய நாலு பேரும் சாவடியைத் திரும்பியும் பார்க்காமல் நேராக ஏரிக்கரை இடுகாட்டுக்கு நடந்தார்கள். துரை அதுதான் நம் ஊர் அணிவகுப்பு என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். நான் அவர் பின்னால் ஓடினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ் சார் ஒன்றுதான், அது அந்த இடத்துக்கு உதவவில்லை.

இடுகாட்டில் ஒவ்வொருவராக வந்து கல்லின்மேல் வாய்க்கரிசி போட்டார்கள். பெரிய மனிதரை விட்டுவிடக்கூடாது என்று துரை கையிலும் ஒரு பிடி கொடுத்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் அதை வாயில் போட்டு மென்று, "வெரி குட்" என்றார்.

அதற்குள் பாவாயி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஏஞ்சாமி, நல்லாக் கூட்டிட்டுப் போனீங்களே, இத்தனை நாள் கழிச்சாச்சும் ஊடு கொண்டாந்து சேத்துனீங்களே" என்று அழுதாள். கூட வந்த குமாஸ்தா, கிழவி சர்க்காருக்கு நன்றி சொல்கிறாள் என்று மொழிபெயர்த்தான். அது பொய்யா மெய்யா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை மாப்பிள்ளை.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. துரை பையிலிருந்து பிரசங்கக் காகிதத்தை எடுத்துக் கண்ணாடி மாட்டுவதற்குள் சடங்கு முடிந்துவிட்டது. எழவில் யாராவது போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? ஒரு வார்த்தை இல்லாமல், திரும்பிப் பார்க்காமல், மொத்த ஊரும் கிணற்றுக்குக் குளிக்கப் போய்விட்டது. ராஜ விசுவாசம் பற்றிய பிரசங்கம் முழுவதையும் நானும் காளியப்பனும் வண்டிமாடு இரண்டும் நின்று கேட்டோம். கல்லை மறுநாள் காளியப்பன் அந்த இடுகாட்டிலேயே நிமிர்த்தி நட்டுவிட்டான். இப்போது மெமோ வந்திருக்கிறது. கல் ஏன் சாவடியில் இல்லை, ஜனங்கள் ஏன் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கலைந்தார்கள், பதினைந்து நாளில் சமாதானம் எழுது, இல்லாவிட்டால் மணியம் பறிபோகும் என்று.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். மெமோவுக்கு நல்ல இங்கிலீஷில் ஒரு பதில் எழுதி அனுப்புங்கள். இன்னொன்று, இந்தக் கல்லைப் பிடுங்கிச் சேலத்திலேயே நட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு மனுவும் எழுதுங்கள், கையெழுத்துப் போட நான் தயார். என்னால் முடியவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே அடுப்பு எரிந்தது. என் வீட்டில் மட்டும் இன்றோடு ஒன்பது நாளாக எரியவில்லை. கல் நம் கொட்டகையில் கிடந்த தீட்டு என்று உங்கள் அக்காள் நினைக்கிறாள் போலிருக்கிறது. கேட்டால் பேசுவதில்லை. ஊருக்கே மணியக்காரன், அடுத்த வீட்டுக் கூழைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் குழந்தை குட்டிகள் நோய்நொடியின்றி வளரவும், ஆபீஸில் நீங்கள் மேலே மேலே போகவும், இனி என்னை மனுப் போடச் சொல்லாமல் இருக்கவும் பழனியாண்டவரை வேண்டும்,
சின்னண்ணன்

பி.கு. மனு எழுத வேண்டாம். மெமோவுக்கும் இப்போது பதில் வேண்டாம். கடிதத்தை மடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனேன். இப்படி எத்தனை நாள் அடுப்பை அணைத்து வைத்திருப்பாய் என்று சத்தம் போட்டேன். உங்கள் அக்காள் மெதுவாகத்தான் சொன்னாள். "அவிங்கவிங்க ஊட்டுப் பையனெல்லாம் வந்து, எடுத்தாச்சுங்க. நம்ம பையன் இன்னும் வரலீங்களே." நேராக இடுகாட்டுக்கு நடந்தேன். காளியப்பன் இன்னும் கல்லுக்கு அடியில் மேடை கட்டிக்கொண்டிருக்கிறான். மூன்று பெயருக்குக் கீழே ஒரு சாண் இடம் இருக்கிறது. மயில்சாமி, தகப்பன் சின்னண்ணன், ஊர் கீழ்க்கரட்டுப்பாளையம் என்று நானே எழுதிக் கொடுத்து வெட்டச் சொல்லிவிட்டேன். சர்க்கார் கல்லில் கைவைத்ததற்கு இன்னொரு மெமோ வந்தால் வரட்டும். வருகிற சனிக்கு அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் சேர்த்துக் கருமாதி. தாய்மாமன் கோடித்துணி நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். துணியை எட்டு முழத்துக்குக் குறையாமல் எடுங்கள் மாப்பிள்ளை, அவன் என்னைவிட உயரம்.